பெண் உடையில் வீதிக்கு: 1871இல் ஒரு விடுதலை, ஒரு சட்டம்

1871 மே 15ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் ஜூரிகள் 53 நிமிடம் கூடிப் பேசினார்கள். பெண் உடை உடுத்தி ஊர் சுற்றியதால் பிடிபட்டு, ஓராண்டுக் காலம் வழக்கில் அலைக்கழிக்கப்பட்ட இரண்டு இளைஞர்களைக் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, அதே விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் இருந்த இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. பெண்போல உடுத்தித் தெருவில் தென்படும் ஒரு பிரிவினரை வாரண்டு இல்லாமல் கைதுசெய்யலாம், இரண்டாண்டுவரை சிறையில் வைக்கலாம் என்றது அது. இரண்டுக்கும் இடையில் ஐந்து மாதம்கூட இல்லை.

அந்தச் சட்டத்தின் பெயர் தமிழருக்குப் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் நமக்கு ரேகைப் பதிவும், பிரமலைக் கள்ளர்களும், 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் நினைவுக்கு வரும். 1871இல் அது முதலில் இயற்றப்பட்டபோது அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. பெண் உடை பற்றிய பிரிவு இருந்தது அங்கேதான். அச்சட்டம் முதலில் வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவத் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. 1911இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்துசேர்ந்தபோது இரண்டாம் பகுதி கழன்றுவிட்டது. ஆகவே நம் நினைவில் சட்டத்தின் பாதிதான் இருக்கிறது.

லண்டன் வழக்கிலிருந்து தொடங்கலாம். எர்னஸ்ட் போல்ட்டன் ஒரு பங்குத் தரகரின் மகன், கொஞ்ச காலம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். பிரெடரிக் வில்லியம் பார்க்கின் தந்தை நீதிமன்றத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். மகன் வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். இருவருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. நண்பர்களிடையே போல்ட்டன் ‘ஸ்டெல்லா’, பார்க் ‘ஃபானி’. ரீஜெண்ட் சதுக்கத்துக்குப் பக்கத்தில் வேக்ஃபீல்டு தெருவில் ஒரு வாடகை அறை வைத்திருந்தார்கள். உடை மாற்றிக்கொள்ளத்தான் அந்த அறை. பட்டு, சாட்டின் கவுன்கள், பாவாடைகள், சவரி முடி, முகப்பூச்சு எல்லாம் அங்கே இருந்தன. அங்கிருந்து கிளம்பி நாடகக் கொட்டகைகளுக்கும் கடைவீதிகளுக்கும், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் படகுப் போட்டிக்கும் பெண் உடையிலேயே போய்வந்தார்கள்.

1870 ஏப்ரல் 28 இரவு ஸ்டிராண்ட் நாடக அரங்கு. தனி மாடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். போல்ட்டன் செர்ரிப் பழ நிறப் பட்டில், வெள்ளை லேஸ் வைத்த கவுன், கையில் வளை. பார்க் கரும்பச்சை சாட்டின், தோளில் கறுப்பு லேஸ் சால்வை, வெள்ளைத் தோல் கையுறை. நாடகத்தின் நடுவே பாவாடையின் லேஸ் பிய்ந்து தொங்கவே, பார்க் பெண்களுக்கான ஒப்பனை அறைக்குள் போய் அங்கே இருந்த பணிப்பெண்ணிடம் ஊசி குத்திவிடச் சொன்னார். அவளும் குத்திவிட்டாள். வழக்கில் இந்த ஊசி பெரிதாகப் பேசப்பட்டது. காவல் துறை அவர்களை ஓராண்டாகவே கண்காணித்துவந்தது. நாடகம் முடிந்து வண்டியேறும்போது துப்பறியும் காவலர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை போ தெரு நீதிமன்றத்தில் அதே கவுன்களில் நிறுத்தினார்கள். மாற்றுடைக்கு வழி செய்யவில்லை. காவல் அறையில் இரவெல்லாம் கிடந்து கசங்கிய பட்டோடு இருவரும் கூண்டில் நிற்க, வெளியே தெரு அடைத்துக் கூட்டம் நின்றது. பத்திரிகைகள் குற்றத்தைவிட உடையை விரிவாக எழுதின. கவுன் என்ன நிறம், கொண்டை எப்படி என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்தச் செய்தியாளர்களின் தயவில்தான். விசாரணை முடிந்ததும் காவல் துறை மருத்துவர் ஜேம்ஸ் பால், எந்த உத்தரவும் இல்லாமல், இருவரையும் ஓர் அறைக்குள் அழைத்துப்போய் உடை களையச் சொல்லி உடலைச் சோதித்தார். ஆண்களோடு உறவுகொண்டதற்கு உடலில் அடையாளம் தேடும் சோதனை அது. அடையாளம் உண்டு என்று அவர் சொன்னார். பின்னர் சோதித்த மருத்துவர்களில் பெரும்பாலோர் அப்படி எதுவும் இல்லை என்றார்கள்.

சோதனை எதற்கு என்றால், பெண் உடையை மட்டும் வைத்துக்கொண்டு அரசால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஆண் பெண் உடை உடுத்தக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. பொது ஒழுங்குக்குப் பங்கம் என்ற சில்லறைக் குற்றமாகத்தான் வரும். ஆகவே இயற்கைக்கு மாறான குற்றம் செய்யக் கூட்டுச் சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டை உயர்த்தினார்கள். அந்தக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை போய் அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆயுள் தண்டனை இருந்தது. உடை இப்போது சாட்சியமாகிவிட்டது. பட்டுக் கவுன், அதன் பின்னால் ஒரு படுக்கையறை இருக்கிறது என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லவைக்கக் கடிதங்களைத் தேடிப் பிடித்தார்கள். நியூவார்க் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் லார்டு ஆர்தர் கிளிண்டனோடு போல்ட்டன் மனைவிபோல வாழ்ந்ததும், ‘லேடி ஆர்தர் கிளிண்டன்’ என்று முகவரி அட்டை அடித்துவைத்திருந்ததும் வெளிவந்தன. கிளிண்டன்மீதும் வழக்கு வந்தது. 1870 ஜூனில் அவர் இறந்துபோனார். செங்காய்ச்சல் என்று அறிவித்தார்கள், நம்பாதவர்கள் அன்றே இருந்தார்கள்.

சாட்சியங்களில் என்னை நிறுத்தியது ஹியூ மண்டெல் என்ற இளைஞர் சொன்னது. ஸ்டிராண்ட் அரங்கில் அன்றிரவு அவர்களோடு இருந்தவர். அவர்களை முதன்முதலில் சரே நாடக அரங்கில் பார்த்தபோது இருவரும் ஆண் உடையில்தான் இருந்தார்கள். மண்டெல் அவர்களை ஆண் உடையில் வந்த பெண்கள் என்று நினைத்தார். ஆண்கள் நடக்கும்போது கையை இன்னும் வீசி நடப்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். தாங்கள் ஆண்கள்தாம் என்று அவர்கள் சொன்னபோது நம்ப மறுத்தார். ஆள்மாறாட்டம், ஏமாற்று என்று அரசுத் தரப்பு பேசிக்கொண்டிருந்த வழக்கில் இந்தச் சாட்சியம் வேறு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அவர்கள் கோட்டும் கால்சட்டையும் போட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு வேஷமாகவே தெரிந்தது. பர்லிங்டன் ஆர்கேடு கடைவீதியின் காவலாளி அவர்களை வெளியே துரத்திய கதையும் இப்படித்தான்: ஆண் உடை, முகத்தில் மட்டும் பூச்சு. எந்த உடையில் போனாலும் தெருவில் இவர்களைப் பற்றிக் கேள்வி எழும் என்றால், கேள்வி உடையைப் பற்றியது அல்ல.

போல்ட்டனின் தாய் மேரி ஆன் கூண்டேறிச் சொன்னது வழக்கின் போக்கை மாற்றியது என்பது என் எண்ணம். ஆறு வயதிலிருந்தே பையனுக்குப் பெண் வேஷம் பிடிக்கும். ஒருமுறை வேலைக்காரப் பெண்போல உடுத்திக்கொண்டு பாட்டிக்கே சாப்பாடு பரிமாறியிருக்கிறான். பாட்டிக்கு ஆள் தெரியவில்லை. வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படியொரு துடுக்குக்காரியை வேலைக்கு வைத்திருக்கிறாயே என்று மகளைக் கடிந்துகொண்டாளாம். இதைக் கேட்ட ஜூரிகள் சொத்துபத்து உள்ள கனவான்கள். கூண்டில் நிற்பது தங்கள் வீட்டுப் பிள்ளைகள்போல இருக்கிறதே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சின்ன வயதுக் கூத்து, நாடகப் பைத்தியம், அத்துமீறிய விளையாட்டு என்றது எதிர்த்தரப்பு. சதிக்கு ஆதாரம் இல்லை. போல்ட்டன் தீர்ப்பைக் கேட்டு மயங்கி விழுந்தார்.

தலைமை நீதிபதி அலெக்சாண்டர் கோபர்ன் ஜூரிகளுக்குத் தொகுத்துச் சொன்னபோது காவல் துறையைக் கடுமையாகக் கண்டித்தார். அத்துடன் இன்னொன்றும் சொன்னார். பெண் உடையில் பொது இடங்களில் உலவுவதற்கும் பெண்களின் அறைக்குள் நுழைவதற்கும் உரிய தண்டனை வேண்டும், சில மாதச் சிறையும் கடும் உழைப்பும், திரும்பச் செய்தால் உடம்பில் படும்படி ஒரு பாடமும் கொடுக்கலாம் என்பது அவர் விருப்பம். விருப்பமாகவே அது நின்றது. எஞ்சிய சில்லறைக் குற்றத்துக்கு நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். இருவரும் பின்னர் அட்லாண்டிக் கடந்து நியூயார்க் போனார்கள். பார்க் அங்கே 1881இல் இறந்தார். போல்ட்டன் பெயரை மாற்றிக்கொண்டு மேடையில் பெண் வேஷம் கட்டியே பிழைத்து, 1904இல் இறந்தார்.

இவர்களைத் திருநங்கையர் என்பதா, ஒருபாலீர்ப்பாளர் என்பதா, பெண் உடையில் இன்பம் கண்ட ஆண்கள் என்பதா? 1870இல் இந்த வகைப்பாடு எதுவும் அவர்கள் முன்னால் இல்லை, நாம் பட்டம் கட்டிவிடுவது நியாயமும் இல்லை. தன்னை ஆண் என்றே கருதியபடி சில வேளைகளில் பெண் உடையில் இருக்க விரும்புபவர்களும் உண்டு, பிறப்பில் சொல்லப்பட்ட பாலை ஏற்காதவர்களும் உண்டு. வாழ்க்கை வேறு, தேவை வேறு. ஆனால் தெருவுக்கு வந்துவிட்டால் காவலரின் கண்ணுக்கு இருவரும் ஒன்று.

இப்போது இந்தியா. லண்டனில் ஒரு நீதிபதி விரும்பியது இங்கே சட்டமானது என்று முடிச்சுப் போடலாம், அழகாகத்தான் இருக்கும். உண்மை அப்படி இல்லை. வடமேற்கு மாகாணத்தில் இதன் விதை இருபது ஆண்டு பழையது. 1852இல் மைன்புரியில், வட இந்தியத் திருநங்கையர் சமூகமான ஹிஜ்ராக்களில் ஒருவரான பூரா கொலைசெய்யப்பட்டார். வழக்கை விசாரித்த ஆங்கிலேய நீதிபதிகளுக்குக் கொலையைவிட, தங்கள் ஆட்சியில் இப்படியொரு சமூகம் வீதியில் ஆடிப் பாடிப் பிழைக்கிறதே என்பது பெரிய விஷயமாகப் பட்டது. வரலாற்றாய்வாளர் ஜெசிகா ஹிஞ்சி 2019இல் வெளியிட்ட நூல் இந்தக் கதையை அரசாங்கக் கோப்புகளிலிருந்து எடுத்துச் சொல்கிறது. ஹிஜ்ராக்களைத் தண்டிப்பதைத் தாண்டி, அந்தச் சமூகமே இல்லாமல் போகவேண்டும் என்று மாகாண அதிகாரிகள் திட்டமிட்டார்கள் என்பது அவர் வாதம். இந்தச் சட்டம் வந்த 1871இல் வைசிராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். நம் வழக்கறிஞர்கள் நேற்றுவரை மனப்பாடம் செய்த இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர்.

சட்டத்தின் இரண்டாம் பகுதி முதலில் ஒரு பதிவேடு வைக்கச் சொல்கிறது. பிள்ளைகளைக் கடத்துவார்கள், விரையெடுப்பார்கள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு சொல்லும் இயற்கைக்கு மாறான குற்றம் செய்வார்கள் என்று ‘நியாயமான சந்தேகம்’ உள்ள ஆண்மையற்றவர்களின் பெயர், இருப்பிடம் அதில் ஏறவேண்டும். யார் ஆண்மையற்றவர்? தானே ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவச் சோதனையில் அப்படித் தெரிபவர். பதிவேட்டில் ஏறியவர் தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, தானம் கொடுக்க முடியாது. பதினாறு வயதுக்குட்பட்ட பையன் வீட்டில் இருந்தால் சிறை. சேலாக்கள் என்னும் சீடப் பிள்ளைகளை எடுத்து வளர்த்து, சொத்தை அவர்களுக்கு விட்டுச் செல்லும் ஒரு சமூகத்துக்கு இந்த நாலு வரி என்ன செய்யும் என்பதை எழுதியவர்கள் அறிந்தே எழுதினார்கள்.

உடைக்கான பிரிவு 26. பதிவேட்டில் உள்ளவர் பெண்போல உடுத்தியோ நகை பூட்டியோ பொதுத் தெருவில் தென்பட்டால் குற்றம். வேறு எந்த இடத்தில் இருந்தாலும், தெருவிலிருந்து கண்ணில் படவேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்தால் அதுவும் குற்றம். நம் ஊர் வழக்கில் சொன்னால், சொந்த வீட்டுத் திண்ணையில் சேலை கட்டி உட்கார்ந்தாலும் காவலர் வந்து அழைத்துப்போகலாம். பொது இடத்தில் ஆடுவதும் பாடுவதும் இதே பிரிவில் அடங்கின. ஆக, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன வேண்டுமானாலும் உடுத்திக்கொள், வெளியில் தலைகாட்டாதே. கோவிலிலும் கல்யாண வீட்டிலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் ஆடிப் பாடிக் கிடைத்த காசில் சாப்பிட்டவர்களுக்கு வெளியில் தலைகாட்டாமல் பிழைப்பு ஏது? வேறு குழப்பங்களும் வந்தன. ஜனானா என்றழைக்கப்பட்டவர்கள் பலருக்கு மனைவி மக்கள் உண்டு, ஆடும்போது மட்டும் பெண் உடை. இவர்களைப் பதிவேட்டில் ஏற்றுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு முடிவு. கடைசியில் காவலரின் கண்ணோட்டம்தான் சட்டம்.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கை லண்டன் வழக்கின் பக்கத்தில் வைத்துப் படித்தால் திகைப்பாக இருக்கும். மொராதாபாத் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பத்துப் பெண்களின் நடுவே பெண் உடையில் பாடிக்கொண்டிருந்தார் கைராத்தி. காவலர்கள் பிடித்தார்கள், மருத்துவச் சோதனைக்கு அனுப்பினார்கள், மருத்துவர் அடையாளம் உண்டு என்றார். அமர்வு நீதிபதி 377இல் தண்டித்தார். எங்கே, எப்போது, யாரோடு என்ற மூன்று கேள்விக்கும் குற்றப்பத்திரிகையில் விடை இல்லை என்று நீதிபதி ஸ்டிரெய்ட் தண்டனையை ரத்துசெய்தார். ஆனால் காவல் துறைக்கு ஒரு கண்டனமும் இல்லை. கைராத்தி அந்தப் பழக்கம் உள்ளவர்தான், அதிகாரிகள் இப்படிப்பட்டவர்களை ஒடுக்க முயல்வது சரிதான் என்ற தொனியில் எழுதினார். பாடல், உடை, சோதனை, போதாத சாட்சியம், விடுதலை என எல்லாப் படியும் ஒன்றுதான். கோபர்ன் முன்னால் நின்றவர்கள் லண்டன் கனவான்களின் பிள்ளைகள், இவர் கிராமத்துக் கைராத்தி. வேறுபாடு அவ்வளவே.

உடை அல்ல பிரச்சினை என்பதற்கு வெளிநாட்டுச் சாட்சியமே வேண்டாம். பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேஷம் கட்டிய பையன்களுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். ஒளவையாராக நடித்த டி. கே. சண்முகத்துக்கு ‘ஒளவை’ என்பதே பட்டமாக ஒட்டிக்கொண்டது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் விரதமிருந்து ஆண்கள் காளியாகவும் குறத்தியாகவும் வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை பெற்று உண்டியலில் சேர்க்கிறார்கள். கொல்லம் மாவட்டம் சவறாவில் கொற்றங்குளங்கரை தேவி கோவிலில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியில் மீன மாதம் 10, 11 தேதிகளில், ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, ஐந்து திரி விளக்கை ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள். சமயவிளக்கு என்று பெயர். கோவிலைச் சுற்றி ஒப்பனைக் கலைஞர்கள் கடை போட்டிருப்பார்கள்; தகப்பனும் மகனும் சேர்ந்து வந்து மீசையை மழித்துக்கொண்டு பொட்டு வைத்துக்கொள்வார்கள். வேண்டுதலுக்காக வருபவர்கள் நடுவே, ஆண்டு முழுக்க மறைத்துவைத்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வருபவர்களும் உண்டு. யார் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதுதான் அந்த இரண்டு இரவுகளின் வசதி.

தசரா முடிந்து ஒரு வாரம் கழித்து அதே ஆள், அதே சேலையில் திருச்செந்தூர் பேருந்து நிலையத்தில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். மேடைக்குத் திரை உண்டு, திருவிழாவுக்குக் கொடியிறக்கம் உண்டு. வேஷம் கலைந்து ஆள் பழையபடி ஆகிவிடுவார் என்ற உறுதி பார்ப்பவர்களுக்குக் கிடைக்கிறது. தெருவில் அந்த உறுதி இல்லை. சினிமாவிலும் இதே கணக்குதான்: 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’யில் கதாநாயகன் மடிசார் மாமியாக வந்தபோது குடும்பத்தோடு சிரித்தோம், ஏனென்றால் சேலைக்குள் யார் இருக்கிறார் என்பது முதலிலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

அமெரிக்காவின் கதை வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அங்கே நகராட்சிகள் நேரடியாகவே தடை போட்டன. 1848இல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ், 1851இல் சிக்காகோ, 1863இல் சான் ஃபிரான்சிஸ்கோ. 1900க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள். நியூயார்க்கில் தனித் தடை இல்லை, ஆனால் அங்கே பயன்பட்ட சட்டம் விநோதமானது. 1840களில் ஹட்சன் பள்ளத்தாக்கின் குத்தகை விவசாயிகள் நிலச்சுவான்தாரர்களுக்கு வாரம் கொடுக்க மறுத்துக் கிளர்ந்தார்கள். ஜப்திக்கு வரும் அதிகாரிகளுக்கு ஆள் தெரியக் கூடாது என்று சீட்டித் துணி அங்கிகளும் தோல் முகமூடியும் போட்டுச் செவ்விந்தியர் வேஷத்தில் வந்தார்கள். அவர்களை அடக்க 1845இல், முகத்துக்குச் சாயம் பூசியோ மறைத்தோ அடையாளம் தெரியாமல் வேஷமிட்டுப் பொதுவில் வருவது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். விவசாயிகள் போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும், சுரங்க ரயில் நிலையத்தில் பெண் உடையில் நின்ற ஒருவருக்கு இதே சட்டத்தில் விதித்த தண்டனையை 1968இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. உடலில் மூன்று ஆண் துணியாவது இருந்தால் பிடிக்க மாட்டார்கள் என்று அந்தக் காலத்தவர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் சட்டப் புத்தகங்களில் தேடினார்கள், அப்படி விதி எங்கும் அகப்படவில்லை. காவலர்கள் உண்டாக்கிய விதியாக இருக்கலாம். தெருவில் அதற்குச் சட்டத்தின் பலம் இருந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பிளாக் கேட் மதுக்கூடத்தில் பெண் உடையில் பாடிய ஹோசே சாரியா இதற்கு மாற்று கண்டுபிடித்தார். ஏமாற்றும் நோக்கத்தோடு எதிர்ப்பால் உடை அணிவதுதான் குற்றம் என்று காவலர்கள் வாதிட்டார்கள். ஹாலோவீன் இரவில் நள்ளிரவுவரை விட்டுவைத்து, மணி பன்னிரண்டு அடித்ததும் வண்டியில் ஏற்றுவார்கள். சாரியா, பூனை முகம்போல் வெட்டிய துணித் துண்டுகளில் ‘நான் ஆண்’ என்று எழுதி எல்லோருக்கும் கொடுத்து, கவுனில் குத்திக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு ஏமாற்றினாய் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இது வழக்காடு மன்றத்தில் நடந்த எந்த வாதத்தையும்விடக் கூர்மையாகப் படுகிறது.

பெரும்பாலானவர்களுக்கு வீதி எட்டாத கனவு. 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் வர்ஜீனியா பிரின்ஸ் என்பவர் பெண் உடை விரும்பும் ஆண்களை முதன்முறையாகக் கூட்டினார். ஆண் உடையிலேயே வரவேண்டும், பையில் ஒரு ஜோடி நைலான் காலுறையும் குதிகால் செருப்பும் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். யாராவது உளவாளியாக இருந்தால் மற்றவரைக் காட்டிக்கொடுக்க முடியாது, எல்லோரும் ஒரே குற்றத்தில் மாட்டியாகிவிட்டது. பூட்டிய அறைக்குள்ளே இவ்வளவு பயம். நியூயார்க் மலைப்பகுதியில் ‘காஸா சுசானா’ என்று ஒரு விடுதி இருந்தது. வார இறுதியில் வந்து பெண் உடையில் தோட்டத்தில் நடந்து, சீட்டாடி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கோட்டு சூட்டோடு வேலைக்குப் போனவர்கள் பலர் மனைவி மக்கள் உள்ளவர்கள். அந்தப் படங்கள் பல பத்தாண்டுகள் கழித்துப் பழைய பொருள் சந்தையில் கிடைத்துப் புத்தகமாயின.

1974 பிப்ரவரியில் சிக்காகோவில் இருவர் உணவகத்தில் காலைச் சாப்பாடு முடித்துவிட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் கைதானார்கள். தலைக்கு நூறு டாலர் அபராதம். 1978இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிரான தண்டனையை ரத்துசெய்தது. ஹூஸ்டனில் ஃபிலிஸ் ஃபிரை, தடை நடப்பில் இருக்கும்போதே பெண் உடையில் நகர மன்றத்துக்கு நடையாய் நடந்து 1980இல் அதை நீக்கவைத்தார். 2010இல் அதே நகரத்தின் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார்.

பெண்கள் பக்கம் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. பாரீஸில் பெண்கள் கால்சட்டை போடக் காவல் துறை அனுமதி வாங்கவேண்டும் என்று 1800இல் உத்தரவு இருந்தது. மாட்டுச் சந்தைகளில் நின்று படம் வரைவதற்காக ஓவியர் ரோசா போன்னர் அந்த அனுமதிச் சீட்டை வாங்கிவைத்திருந்தார். அந்த உத்தரவு செல்லாது என்று அரசு முறைப்படி அறிவித்தது 2013இல்தான், ஆனால் அதற்குப் பல தலைமுறை முன்பே பெண்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஆண் உடையை எடுத்துக்கொண்ட பெண் மேலே ஏறுகிறாள் என்றும் பெண் உடையை எடுத்துக்கொண்ட ஆண் கீழே இறங்குகிறான் என்றும் கணக்கு வைத்திருக்கும் சமூகத்தில் இரண்டாமவருக்குத்தான் சிரிப்பும் அடியும் மிச்சம்.

இந்தியாவில் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் கருத்துரிமையில் அடங்கும் என்றது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கைராத்தி வழக்கையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்த தீர்ப்பு அது. தீர்ப்பின் பயன் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் போய்ச் சேர்வதே இன்னும் அரையும் குறையுமாக இருக்கிறது. 2019இல் இயற்றப்பட்ட திருநர் சட்டம், தன்னை ஆண் என்றே சொல்லிக்கொண்டு பெண் உடை விரும்புபவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவருக்கு வாரியமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, பெரும்பாலும் வீட்டில் சொல்லவும் ஆள் இல்லை. அவரைக் காப்பது உடை கருத்துரிமை என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

1871 சட்டம் எழுதிவைத்த சந்தேகம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று அதிகாரிகள் பதிவேட்டின் முதல் வரியில் எழுதினார்கள். 2018 மே மாதம், வாட்ஸப்பில் பிள்ளை பிடிப்பவர் வதந்தி பரவிக்கொண்டிருந்தபோது, ஹைதராபாதில் ஒரு திருநங்கையைக் கூட்டம் அடித்தே கொன்றது. நிஜாம் அரசு பழைய சட்டத்தைப் பார்த்து 1919இல் எழுதிக்கொண்ட சட்டம் ஒன்று அப்போதும் அங்கே ஏட்டில் இருந்தது. பதிவேடு, வாரண்டு இல்லாத கைது, பெண் உடைக்குச் சிறை எல்லாம் அதில் உண்டு. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2023 ஜூலையில் ரத்துசெய்தது. பெண் உடை உடுத்தியிருக்கிறார் என்பதற்காக மட்டும் ஓர் ஆணைத் தெருவில் நிறுத்திக் கைதுசெய்ய இன்று எந்தக் காவலருக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நிறுத்தப்படுபவரும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.